நின்ற பல்லக்கின் பாரம்

ஸ்ரீரங்கம்,
வியாழக்கிழமை.

சௌபாக்கியவதி ஹம்ஸாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ரங்கநாதன் கிருபையில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் க்ஷேமம். அம்மாவுக்கும் சேர்த்து அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அடுத்த அறையில் அவள் காதில் விழும், அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

போன வாரம் கேட்டாயே, அம்மா படுத்துக்கொண்டுதானே இருக்கிறாள், ஒரு வேலையும் இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு அசதி என்று. அசையாமல் சும்மா நின்றாலும் ஏன் அசதி என்று என் பௌதிக வகுப்பில் பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள். பாடப்படி பொருள் நகர்ந்தால்தான் வேலை, நகராவிட்டால் பூஜ்யம். பள்ளிக்கூட வேலையோடு பெருமாள் பல்லக்கைச் சுமக்கும் கைங்கர்யத்துக்கும் போவேனே, நினைவிருக்கிறதா? சித்திரை வீதி முனையில் மரியாதைகள் முடியும் வரை தோளில் பாரத்தோடு அசையாமல் நிற்போம். எனக்கு முன்னால் நிற்கும் வரது மாமா, "என்ன ஸ்வாமி, உம்ம கணக்குப்படி நாம ஒரு வேலையும் செய்யலையே, பின்ன ஏன் இப்படி வேர்க்கறது?" என்று சீண்டுவார். நடப்பதைவிட நிற்பதுதான் ஆளைக் கொல்லும். பல்லக்கு அசையாவிட்டாலும் தசை இறுகியே இருக்க வேண்டும், அதற்குத் தீனி வேண்டும், அந்தத் தீனியெல்லாம் வெறும் சூடாகப் போய்விடும்.

இதயமும் அப்படித்தான். ரத்தத்தை வெளியே தள்ளுவது வேலை. ஆனால் வால்வு திறக்கும் முன்பே தசை இறுகி அழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும், ஒரு சொட்டு நகராமலே சக்தி செலவாகும். அம்மாவின் இதயம் விரிந்து பெரிதாகிவிட்டது. பை பெரிதாக ஆக, அதே அழுத்தத்துக்கு அதன் சுவர் இன்னும் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். செலவு கூடி, வெளியே போகும் ரத்தம் குறைந்துவிட்டது. அவள் படுத்திருக்கிறாள், அது நின்றபடி சுமந்துகொண்டிருக்கிறது. தென்னூர் டாக்டர் திங்கட்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டு, "மாத்திரையால பாரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் சார், இறக்கி வைக்க முடியாது. பொண்ணை வரச் சொல்லிடுங்க" என்றார். திரும்பும்போது அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவே இல்லை. காவிரிப் பாலத்தில் "தண்ணி வந்துடுத்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வாய்க்கு மட்டும் குறைவில்லை. உப்பில்லாத ரசத்தை வைத்தால், "உப்பிலியப்பன் கோயில் தளிகையா? அவருக்குப் பழக்கம், எனக்கு ஏன்னா?" என்கிறாள். நீ வீடியோவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்னால் பார்க்க முடியவில்லை. தலை வாரிவிடச் சொல்லி, குங்குமம் வைத்துக்கொண்டு, தலையணைகளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். நீயும் அம்மா தெளிவாக இருக்கிறாள் என்று சந்தோஷப்படுகிறாய். போன் அணைந்ததும் சாய்பவள் மத்தியானத் தளிகைக்குக்கூட எழுவதில்லை. "அவகிட்ட சொல்லாதேங்கோ, ஓடி வந்துடுவா, அப்புறம் திரும்பிப் போக விடலைன்னா என்ன பண்ணுவா?" என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் மாத்திரையை எடுத்து நீட்டினேன், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

உன் விசா இழுபறியில் இருப்பதும், இப்போது வந்தால் திரும்ப உள்ளே விடாமல் போகலாம் என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன். எப்படியாவது வந்துவிடு. பல்லக்கில் இன்னொருவர் வந்து தோள் கொடுத்த பிறகுதான் நிற்பவர் தோளை உருவ முடியும், அதுவரை என்ன வலித்தாலும் நிற்க வேண்டியதுதான். அம்மா உனக்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறாள். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் நிமிர வேண்டியதில்லை, உன் மடியில் சாய்ந்துகொள்வாள். இறக்கி வைக்கட்டும் ஹம்ஸா, போதும்.

பெருமாள் உங்கள் இருவரையும் காப்பாற்றுவார். வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே கார் ஓட்டாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். அவள் படுத்தபடியே பேசட்டும்.

உன் பிரியமுள்ள அப்பா,
லக்ஷ்மிகாந்த்