காலி நாற்காலிகளை எண்ணி நான் எழுதிய செய்தி

வீட்டிலிருந்தே ஆய்விதழ்களை மின்வடிவில் படிக்கும் வசதியை ஆய்வு மாணவர்களுக்குத் திரும்பக் கொடுப்பதென்று பல்கலைக்கழக நூலகக் குழு முடிவெடுத்துவிட்டது. உன் இடத்துக்கு வந்திருக்கும் நூலகர் இன்று காலை தொலைபேசியில் உறுதி செய்தார்; சுற்றறிக்கையின் படத்தையும் அனுப்பினார். தக்கலையில் பேருந்துக்கு நின்றபடி அதை இரண்டு முறை படித்தேன். கீழே கையொப்பம் இருக்குமிடத்தில் என் கண் உன் பெயரைத் தேடியது.

பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு நீ நூலகன், நான் நிருபன். மின்னிதழ்கள் வந்த புதிதில், எதிரே வருகிறவர்களை நிறுத்திக் கைபேசியை வாங்கி, கடவுச்சொல்லைப் போட்டுக் காட்டுவாய். கேன்டீனில் டீ குடிக்க வந்தவரைக்கூட விடமாட்டாய்.

"டீ ஆறிப் போவும் சாரே."

"ஆறட்டும். நீ இதத் திறந்து பாரு முதல்ல."

இதைப் பற்றிச் செய்தி எழுத ஒரு வாரத்தில் மூன்று நாள் உன் மின்நூலக அறைக்கு வந்தேன். கணினிகளுக்கு முன்னால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒருநாள் மட்டும் ஒருவர் இருந்தார்; அவரும் பேருந்து நேரம் வரை மின்விசிறிக் காற்றுக்காக உட்கார்ந்திருந்தவர். கண்ணால் பார்த்ததை எண்ணி எழுதுவது என் வழக்கம். ஆனாலும் உன்னிடம் கேட்டேன்.

"ஆளே இல்லியே மக்கா?"

"கதவுக்கிட்ட நின்னு தலைய எண்ணுனா எப்படிடே தெரியும்? பிள்ளைக வீட்டுல இருந்துல்லா படிக்குது, பஸ்ஸுல இருந்துல்லா படிக்குது. வெள்ளிக்கிழம வா, எத்தன பேரு திறந்துருக்காவன்னு கணக்கு எடுத்துத் தாரேன், கேட்டியா?"

நான் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. வியாழனன்றே செய்தி வந்துவிட்டது, காலி நாற்காலிகளின் படத்தோடு. நீ சொன்னதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். பக்கத்தில் இடம் போதாமல் அந்த வரியை வெட்டினார்கள். வெட்டுவார்கள் என்று தெரிந்தேதான் கடைசியில் வைத்தேனோ என்னவோ.

அடுத்த கூட்டத்தில் குழு அந்தப் பக்கத்தை மேசையில் விரித்துவைத்துப் பேசியது. வெளியிலிருந்து படிக்கும் வசதி நின்றது. வேண்டியவர்கள் அறைக்கு வந்து படிக்கட்டும் என்றார்கள்.

கருங்கல் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு, மரவள்ளி என்கிற மரச்சீனியில் வரும் நோயைப் பற்றிப் பகுதிநேர ஆய்வு செய்த பெண்ணைப் பற்றி அதன் பிறகுதான் சொன்னாய். காலையில் அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கட்டுரைகள் படித்துக்கொண்டிருந்தவர். வசதி நின்றதும் சனிக்கிழமைதோறும் வடசேரிக்கு வந்து, அங்கே இன்னொரு பேருந்து பிடித்து உன் அறைக்கு வந்தார். சில மாதங்களில் அதுவும் முடியவில்லை.

"அவ விட்டுட்டா மக்கா. ஒரு திருத்தம் போடேன்."

"நான் எழுதுனதுல என்ன தப்பு? நாற்காலி காலியாத்தானே கெடந்து?"

"ஆமா, காலியாத்தான் கெடந்து" என்றாய். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். நீ சாகும்வரை அந்தப் பேச்சை நாம் எடுக்கவே இல்லை. திருத்தத்துக்கு நான்கு வரி போதும். நீ இருந்தபோது அந்த நான்கு வரியை நான் எழுதவில்லை.

இன்று அந்த ஆசிரியையை அழைத்துச் சுற்றறிக்கையைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பம் நான் திரும்பப் படிக்கலாமா சார்?"

"அதுல பகுதிநேரம்னு ஒண்ணும் போடல டீச்சர். கேட்டிருக்கேன்." பிறகு, அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான் என்றேன்.

"தெரியும் சார். அவரு சொல்லிருக்காரு. எனக்க கூட்டுக்காரந்தான், கெட்டவன் இல்ல, கொஞ்சம் அவசரக்காரன்னு."

எனக்காக நீ அவரிடம் பேசியிருக்கிறாய். அது தெரிந்தபடியே இனி நான் இருக்க வேண்டும்.

திருத்தத்தை இன்று மதியம் எழுதிப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்தேன். இவ்வளவு பழைய செய்திக்கு எதற்கு என்று கேட்டார்கள். போடுவார்களா என்று தெரியவில்லை. பகுதிநேர ஆய்வாளர்களுக்கும் அந்த வசதி உண்டா என்பது ஓணம் விடுமுறை கழிந்து கூடும் குழுவில்தான் முடிவாகும் என்கிறார் நூலகர். ஆசிரியை மறுபதிவுப் படிவத்தை வாங்கி நிரப்பி வைத்திருக்கிறாராம். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.