ஒற்றை வாய்க் குழாய்

அன்பு மகள் மகிமாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

காட்டுப்பள்ளித் துறைமுக வேலையில் காலில் பட்ட காயம் சீழ்பிடித்து எலும்பைத் தொட்டுவிட்டதால் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே. ஆறு வாரம் மருந்து ஏற்றுவதற்காக வலது கை நரம்பு வழியாக நெஞ்சுவரை ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். போடுவதற்கு முன், பைப் ஃபிட்டர் புத்தி போகுமா, மூன்று வாய் வைத்த தடித்த குழாயாகப் போடச் சொன்னேன்.

நர்ஸ் செங்கொடி சிரித்துவிட்டாள். "இன்னா நைனா, உன் நரம்பே இத்தினியூண்டு கீது. அதுல தடி பைப்ப சொருவினா ரத்தம் எந்த வழியா போவும்? அங்கியே நின்னு கட்டிக்கும். ஒரு மருந்துக்கு ஒரு வாய் போதும்."

முப்பது வருடம் பைப் போட்டவனுக்கு இது தோன்றவில்லை பார்!

மெல்லிய குழாயிலும் ரத்தம் கட்டலாமாம். கை வீங்கினால் உடனே சொல்ல வேண்டுமாம். காலையும் மாலையும் ஒரு நூலைக் கையில் சுற்றி அளக்கிறேன். முதல் நாள் அளவுக்கு நூலில் போட்ட முடிச்சு இன்னும் இடம் மாறவில்லை.

கையைச் சும்மா வைக்காமல் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் போன் பேசாமல் எழுதுகிறேன். கை தொளதொளப்பான என் பழைய சட்டை ஒன்றை அனுப்பு. கூடவே நீளமாக ஒரு கடிதம் போடு, நிறையக் கேள்வி கேள். பதில் எழுத ஏதாவது இருந்தால்தானே என் கை ஓடும்.

செங்கொடி மருந்தோடு வந்துவிட்டாள்.

அப்பா,
வேதமாணிக்கம்