பிரேம் எடுக்காத கிண்ணம்

அலோன், ரங்கூன்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள முரளி அண்ணனுக்குத் தமிழ்மணி எழுதுவது. அம்மா உடம்பளவில் சுகம். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

பக்கத்து வீட்டு நாஜியா முதியோர் இல்ல வேலைக்கு ஜப்பான் வருகிறாள். அவளிடம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறேன். கறுப்பு வந்துவிட்டது. உங்கள் மண்பாண்டப் பட்டறை முதலாளி கேட்ட அதே பழைய ஜப்பான் கறுப்பு. அப்படி ஒன்று செய்து காட்டினால் நம் தம்பி பிரேமை வேலைக்கு அழைத்துக்கொள்வதாகச் சொன்னாரே. பிழைக்க வைக்கத் தகுதியானவனா என்று பார்க்க அவருக்கு ஒரு கிண்ணம் வேண்டியிருந்தது. நாமும் சரி என்றோம்.

கட்டாய ராணுவக் குலுக்கலில் பெயர் விழுந்ததிலிருந்து பிரேம் போட்டாதாங் படகுத்துறையில் ஒரு கிடங்கில் ஒளிந்திருந்தான். வார்டு தலைவர் மகனுக்கு மட்டும் ஏன் விழவில்லை என்று கேட்க இந்தத் தெருவில் ஆளில்லை. நம் முறைக்குக் கரண்ட் வரும் மத்தியானங்களில் மட்டும் பிரேம் வீட்டுக்கு வந்து, காற்றூதும் ப்ளோயரைப் போட்டுக் கரியுலையை மூட்டுவான். படகுத்துறைச் சங்கிலியில் சுரண்டிய துருவை அரைத்து, சாம்பலோடு கலந்து மண் கிண்ணத்தில் பூசுவான். பூச்சு உருகியதும் செக்கச்செவேலென்று வெளியே இழுக்க வேண்டும், உலைக்குள் ஆறினால் பழுப்பாகிவிடும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அந்தக் கணம் அவனுக்குப் பிடிபடவே இல்லை. எல்லாமே பழுப்பு.

உலையின் ப்ளோயர் சத்தத்தை நாங்கள் யோசிக்கவில்லை. அது கேட்டால் பிரேம் வீட்டில் இருக்கிறான் என்று வார்டுக்கே தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ராணுவத்தார் வந்தார்கள். இடுக்கியும் கையுமாக நின்றவன், இதை மட்டும் எடுத்துவிட்டு வருகிறேன் என்று பர்மியில் கெஞ்சினான். அங்கே தட்டு கொடுப்பார்கள், வா என்றான் ஒருவன். செருப்புப் போடவும் விடவில்லை. வாசலில் திரும்பி, "மணிக்கா, இப்ப எடு" என்று தமிழில் சொன்னான். எடுத்தேன். அவனைப் பிடிக்காமல் இடுக்கியைப் பிடித்தேன், அண்ணா. கிண்ணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. வெளியே வண்டி கிளம்பியது.

எந்த முகாம் என்று சொல்ல மறுக்கிறார்கள். மிங்கலாடோன் ராணுவ முகாம் வரை போய்க் கேட்டேன், விரட்டினார்கள். கரண்ட் வந்ததும் அம்மா நெருப்பில்லாத உலைக்கு ப்ளோயரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அணைக்க விடுவதில்லை.

கிண்ணத்தை முதலாளியிடம் கொடுங்கள். பிரேம் எடுத்தது என்றே சொல்லுங்கள். அவன் பெயருக்கு அழைப்பு எழுதச் சொல்லுங்கள். தேதி மட்டும் போட வேண்டாம்.

நீங்கள் இங்கே வந்துவிடாதீர்கள். அங்கேயே நன்றாக இருங்கள்.

உங்கள் தங்கை
தமிழ்மணி