எங்கள் வீடு நாறவில்லை

யேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
ஒக்டோபர் 17

அன்பு மகள் றஷ்மி அறிவது,

நானும் அம்மாவும் நாயும் பூனையும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். போனில் சொன்னால் நீ குறுக்கே கதைப்பாய், ஆகையால் தாளில் எழுதி அம்மாவைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன், முழுவதையும் வாசி.

ஒக்டோபரில் மாதா சுரூபம் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வந்து ஒவ்வொரு நாள் தங்குவது உனக்குத் தெரியும், முப்பத்தொரு வருடமாக ஒருமுறைகூட நம் வீட்டைத் தாண்டிப் போனதில்லை. இந்த முறை பட்டியல் எழுதும் ஐறீன் வாசலில் நின்றபடியே, அங்கிள் கோவிக்காதேங்கோ, உங்கட வீட்டில நாய் மணக்குது, சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு செபமாலை சொல்லேலாது என்று எங்கள் பெயரை வெட்டிவிட்டாள். அம்மா அன்று சாப்பிடவில்லை. நீயோ, நாய் பிறவுணியை நுகேகொடையில ஆரிட்டயாவது குடுத்துவிடுங்கோ அப்பா என்கிறாய். நாயையும் பூனையையும் வாங்கியது நீ, விட்டுவிட்டுப் போனதும் நீ, ஆனாலும் நான் கொடுக்க மாட்டேன். நீ அனுப்பிய வாசனைப் போத்தலையும் அடித்துப் பார்த்தேன், முதலில் நாய் மணந்தது, பிறகு ரோசாப்பூவுக்குள் விழுந்த நாய் மணந்தது.

யாரையும் கேளாமல் நானே ஆராய்ந்து கண்டுபிடித்தேன். மணம் நிலத்தில் இல்லை, துணியில்தான் இருக்கிறது. பூனை மூத்திரம் பட்ட இடத்தில் பினாயில் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து மணக்கும், வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, காய்ந்தபின் அப்பச்சோடா தூவிக் கூட்ட வேண்டும். நாய் மழையில் நனைந்தால் உடனே துவாயால் துடைக்க வேண்டும், அது படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும். நீயும் அங்கே பூனை வளர்க்கிறாயாம், எழுதி வை.

திங்கட்கிழமை காலையில் கதிரை உறை, கட்டில் விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் தோய்த்தேன். எல்லாம் வெள்ளை, அம்மாவுக்கு வேறு நிறம் பிடிக்காது. உள்ளே கொடி போதாமல் கேற்றிலிருந்து எதிர்வீட்டு மதில்வரை கயிறு கட்டிக் காயவிட்டேன். பிறகு தணல் போட்டுச் சாம்பிராணி புகைத்தேன், புகை ஒழுங்கை முழுக்கப் போனது. ஒழுங்கைக்குக் குறுக்கே வெள்ளைத் துணியும் வீட்டுக்குள் சாம்பிராணியும் கண்டால் சனம் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் செத்துவிட்டேன் என்று நினைத்தார்கள். சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் புஷ்பராஜ் பாட்டை நிறுத்திவிட்டான். ஐறீன் வெள்ளைச் சீலையுடுத்து, செத்தவீட்டுக்கென்று இரண்டு கிலோ சீனியோடு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அம்மாவும் அழுதாள்.

நான் பின்னால் குழாயடியில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஐறீன், பிறவுணி வழக்கமாகப் படுக்கும் கதிரையிலேயே அரை மணித்தியாலம் இருந்து, அங்கிளைப் போல நேர்மையான மனுசன் இந்தப் பக்கம் இல்லை, நான்தான் அவரை நோகடிச்சுப்போட்டன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் கேட்டது, இடையில் குழப்ப விரும்பவில்லை. அவள் சொல்லி முடித்தபின் நாயோடு உள்ளே போனேன். என்னைக் கண்டதும் ஐறீன் கதிரையோடு பின்னால் சரிந்தாள். தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன், பிள்ளை, இவ்வளவு நேரம் இருந்தனீ, ஏதும் மணந்ததோ என்று. இல்லை அங்கிள் என்றாள். அங்கேயே பட்டியலை எடுத்துப் புதன்கிழமைக்கு எங்கள் பெயரை எழுதினாள். அண்டைக்கு மட்டும் நாய் பூனையைப் பக்கத்து வீட்டில விடுங்கோ என்றாள். ஏலாது, மாதா வந்தா எங்கள் நாலு பேரிட்டயும்தான் வருவா என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை மாதா வந்தார். மறுநாள் காலை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக ஐறீன் வந்தபோது, மாதாவுக்குச் சாத்தியிருந்த நீலச் சால்வை முழுக்கப் பூனை மயிர். எப்போது ஏறிப் படுத்தது என்று தெரியாது. ஐறீன் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் அங்கிள் என்றாள்.

ஆகவே நாயைக் கொடுக்கும் கதையை இனி எடுக்காதே. ஆண்டவர் உன்னைத் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. யன்னல் சீலைகளைத் தோய்க்க மறவாதே. இதற்குப் போனில் வெறும் பெருவிரல் படம் அனுப்பாமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
றேமண்ட்