விதையிலை வரைக்கும்

1932 ஆகஸ்ட் 29
மிளகாய் நாற்று ஒரு சாண் வளர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இறந்தபின் எங்கள் கொல்லை நிலத்தில் நானாக விதைத்த முதல் பயிர். அவருடைய அண்ணன், என் மூத்தார் கன்னியப்பன், வரப்பில் நின்றபடி சொன்னார்: "இந்த ஒரு போகம் பாக்கறேன் அமிர்தம். சரியா வரலன்னா கொல்லைய எங்கிட்ட உட்டுட்டு திருப்பத்தூர்ல உங்கண்ணன் ஊட்டுக்குப் போய்டு."
நான் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 31
மழையில் மண் சரிந்து நாற்றங்காலின் ஒரு மூலையை மூடியிருந்தது. அழுகியிருக்கும் என்று பிடுங்கிப் பார்த்தேன். அழுகவில்லை! தண்டு கனத்திருந்தது. புதைந்த தண்டிலிருந்தே வெள்ளை வேர்.
அப்படியானால் — ஆழமாக நட்டால்?

செப்டம்பர் 10
நடவு. பாதிக் கொல்லையில் ஊர் வழக்கப்படி வேர் மறையும் அளவுக்கு. மறுபாதியில், முளைத்ததும் முதலில் விரியும் விதையிலை வரைக்கும் மண்ணுக்குள். பக்கத்து வீட்டு மஹ்பூபி உதவிக்கு வந்தாள். "இன்னாக்கா, நாத்த நடறியா, பொதைக்கிறியா?" என்று சிரித்தாள். மூத்தார் சிரிக்கவில்லை. "அத்தினியும் அழுகிப்பூடும்."

செப்டம்பர் 19
மேலாக நட்டவை தளதளவென்று இருக்கின்றன. ஆழத்தில் போட்டவை தளிர் விடாமல் அப்படியே நிற்கின்றன. எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? பாதிக் கொல்லையை நானே பாழாக்கிட்டேனா?

செப்டம்பர் 27
தளிர்! எல்லாவற்றிலும்!

அக்டோபர் 24
இரண்டு நாள் காற்றும் மழையும். விடிந்ததும் ஓடினேன். மேலாக நட்ட பாதி முழுக்கப் படுத்துக் கிடந்தது, வேர் வெளியே தெரிய. ஆழ நட்ட பாதியில் சாய்ந்தவை பதினோரு செடி. பதினொன்றே! இரண்டு முறை எண்ணினேன். மஹ்பூபி என்னைக் கட்டிக்கொண்டாள். சேற்றில் வழுக்கி இருவரும் விழுந்தோம். எழுந்திருக்கத் தோன்றாமல் அங்கேயே கிடந்து சிரித்தோம். அப்படிச் சிரித்து ஒரு வருஷம் இருக்கும்.

டிசம்பர் 12
முதல் பறிப்பு. ஆழ நட்ட பாதியில் ஏழு கூடை. மற்றதில் ஒன்றரை. மூத்தார் ஒரு செடியைப் பிடுங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கொல்லைய நீயே வெச்சிக்க" என்றார்.
"அது என்னுதுதான் மாமா" என்றேன்.

1933 செப்டம்பர் 4
காலையில் மூத்தார் வாசலில் வந்து நின்றார். "எங்கொல்லையில இன்னிக்கு நடவு. பொம்பளைங்க மேலாவே நட்டுட்டு வர்றாங்க, எனக்குச் சொல்லித்தரத் தெரியல. நீ வர்றியா?"
போனேன். அவர் வரப்பிலேயே நின்றுகொண்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கி ஒரு நாற்றை எடுத்தேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார்கள்.