அப்பா போனை வைத்த நாள்

இர்விங், டெக்ஸஸ்
19 அக்டோபர் 2025

அன்புத் தம்பி இளமாறனுக்கு,

அக்கா எழிலரசி எழுதுவது. நானும் உன் மச்சான் முகிலனும் விஷாகாவும் சௌக்கியம். அப்பா ஆகஸ்டிலிருந்து எங்களோடு இருக்கிறார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாளை தீபாவளி. நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. மீதிக் கடிதம் முழுக்கத் திட்டுதான், உட்கார்ந்து படி.

போனில் திட்டியிருக்கலாம். நீ எங்கே எடுக்கிறாய்? உன் மேனேஜர் பெண் எடுத்து, நீ ஒத்திகையில் இருப்பதாகச் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது. அதனால்தான் பதினைந்து வருடத்துக்குப் பிறகு பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். கூரியரில் வரும். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கு.

உங்கள் வாஷ்டாக் பேண்டின் பத்து வருடக் கதை என்று ஜெர்மன் டிவிக்காரர்கள் எடுத்த படத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டிருப்பதால் லாஸ் கொலினாஸில் என் ஆபீசில் இருக்கிற தமிழ் ஜனம் மொத்தமும் பார்த்தாகிவிட்டது. கறுப்புக் கோட்டு, பின்னால் பனி, நடுவில் நீ. எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினால் ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாய். எங்கள் வீட்டில் பாட்டுக்கு இடமே இல்லை என்கிறாய். பேண்டில் சேர்ந்த பாவத்துக்கு அப்பா ஆறு மாதம் உன்னோடு பேசவில்லை என்கிறாய். ஒருநாள் நீ 'அப்பா' என்று கூப்பிட்டதும் போனை வைத்துவிட்டார், அந்த 'டொக்' சத்தத்தில்தான் எங்கள் பேண்டே பிறந்தது என்கிறாய். பக்கத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஃப்ரீடா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

போன சனிக்கிழமை கோயிலில் விசாலாக்ஷி ஆன்ட்டி என்னை ஓரமாக அழைத்துப்போய், "உங்கப்பாவா அது? பாத்தா ரொம்ப சாதுவா இருக்காரே! ஆனா யாரையும் ஜட்ஜ் பண்ணக் கூடாதும்மா" என்றார். கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை இருந்தது. அதை அந்த அம்மாள் தலையில் கவிழ்க்காமல் வந்தது என் பொறுமை.

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, டாலஸில் உங்கள் கச்சேரி. அமெரிக்காக்காரர்களுக்குப் புரிவதற்காக எல்லாப் பாட்டையும் மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் இங்கிலீஷில் போடப்போகிறீர்களாம். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் மின்சார வாரியத்தில் முப்பத்தி நாலு வருடம் இங்கிலீஷ் ஃபைல் பார்த்த மனுஷன். பேசத்தான் திணறுவார், படிப்பதில் இல்லை. அவர் அந்தக் கச்சேரிக்கு வருகிறார். மூன்றாவது வரிசை. நீங்கள் அனுப்பிய டிக்கெட்தான். நீ அனுப்பிய வாஷ்டாக் டிஷர்ட்டை வேட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு அபார்ட்மென்டைச் சுற்றி வாக்கிங் போகிறார். எதிரில் வருகிற மெக்ஸிகன், குஜராத்தி ஒருவரையும் விடுவதில்லை. "மை சன். கமிங்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். அந்த மனுஷன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, 'என் தகப்பன் என் குரலைக் கேட்டுப் போனை வைத்தான்' என்று ஆளுயர எழுத்தில் படிக்கப்போகிறார். சுற்றிலும் நாலாயிரம் பேர் சேர்ந்து பாடுவார்கள். டிவிப் படத்தை அவர் கண்ணில் படாமல் இதுவரை காப்பாற்றிவிட்டேன். திரையை என்ன செய்வது?

பாட்டுக்கு இடமில்லாத வீடா நம் வீடு? உன் முதல் கிடார் எப்படி வந்தது என்று டிவியில் சொல்லவில்லையே. ஈரோட்டிலிருந்து கோபி வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் யார்? கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டதற்கு, "இது லக்கேஜ் இல்லீங்க, எங்க பையனுது" என்று அந்தியூர் பிரிவு வரை சண்டை போட்டார். கிடாரைப் பார்த்து வீட்டில் கத்தியது அம்மாதான். அம்மா எதற்குத்தான் கத்தவில்லை?

நீங்கள் வளர்ந்த கதையும் எனக்கு மனப்பாடம். வாரா வாரம் ஸ்கைப்பில் நீதான் ஒப்பிப்பாய். ஜெர்மனியில் நீ படித்த கெம்னிட்ஸில் ஹாஸ்டலுக்கு அடியில் வாஷிங் மெஷின் அறை. துவைக்கும் நாளில் எப்படியும் இரைச்சல், அன்றைக்கு மட்டும் நீங்களும் இரைந்துகொள்ளலாம் என்று வார்டன் விட்டார். அதனால் 'வாஷ்டாக்', அதாவது 'துவைக்கும் நாள்' என்றே பேண்டுக்குப் பெயர். முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர், அதில் மூன்று பேர் காய்ந்த துணி எடுக்க வந்தவர்கள். ஃப்ரீடாவின் மாமா பேக்கரி வேனில் ஊர் ஊராகப் போய், துணியெல்லாம் ரொட்டி வாசனை. லைப்ஸிக்கில் ஒரு பாரில் பாதிப் பாட்டில் மைக்கைப் பிடுங்கினார்கள். பேண்டில் உன் கூட்டாளி யோனாஸ் இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தவரை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதையெல்லாம் நான் அப்பாவிடம் சொல்வேன். "பொம்பளப் புள்ளயா மோளம் அடிக்குது? பலே!" என்று தொடையைத் தட்டினார். பேண்டில் சேர்ந்ததற்கு அவர் காட்டிய கோபம் மொத்தமே அவ்வளவுதான்.

அப்புறம் 2015. ஜெர்மனில் நீ எழுதிய அந்த ஒரு பாட்டு. முதலில் காலேஜ் ரேடியோ, பிறகு ஊர் ரேடியோ, கோடையில் ஒரு திருவிழாவில் நாலாயிரம் பேர் அந்த 'டொக்' வரும் இடத்தில் சேர்ந்து விரலைச் சொடுக்கியது, கம்பெனி ஒப்பந்தம், பெர்லின் அரங்கம். ஏறிவிட்டீர்கள். நன்றாக ஏறினீர்கள், அதில் எனக்குப் பொறாமை கிடையாது.

ஆனால் பத்து வருடத்தில் ஒரே ஒரு தடவை, அப்பாவிடம் நேராக "ஏம்ப்பா வெச்சீங்க?" என்று கேட்டாயாடா? ஊர் ஊராக, மைக்கு வைத்து, முன்பின் தெரியாத ஜனங்களிடமெல்லாம் கேட்டாய். பெற்றவரிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோபம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நீ கேட்காததை நான் சொல்கிறேன். இதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன்.

2015 ஜனவரியில் அம்மாவுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்று கோயமுத்தூரில் சொன்னார்கள். ஆபரேஷன், பிறகு ஜூன் வரைக்கும் கீமோ. உனக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. உன் தீசிஸ் ஜூனில் முடிய வேண்டும், தெரிந்தால் போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவாய், அப்புறம் உன் படிப்பு அவ்வளவுதான். "அவம் பரிச்சை முடியட்டும் சாமி, ஒரு வார்த்தை மூச்சு விடக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நம் ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. பெற்றவள் சாகக் கிடந்தாலும் பிள்ளைக்குப் பரீட்சை முடிய வேண்டும். எனக்கு மட்டும் சொன்னார்கள், நான் தைரியசாலியாம். கைக்குழந்தையும், ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாத, ஸ்டாம்பிங் ஆகாத விசாவுமாக இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன தைரியம் எனக்கு? பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறைப்பதில் ஒரே ஒரு சிக்கல், அப்பா. அவருக்குப் பொய் வராது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா என் சமையலைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, "ரசம் மட்டும் வராதுங்க" என்று சொன்னவர் அவர். உன்னோடு ரெண்டு நிமிஷம் பேசினால் கொட்டிவிடுவார். அதனால் ஜூன் வரைக்கும் நீங்கள் போனைத் தொடக் கூடாது என்று அவருக்கு அம்மாவும் நானும் கட்டளை போட்டோம். தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரத்துக்கு மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொள்வார். நீ வைத்த பிறகு இறங்கிவந்து, "என்ன சாப்ட்டானாம்?" என்று கேட்பார். அம்மா மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பதில் சொல்வாள். உனக்கு வீடியோ தெரியாமல் போனதற்கு நெட்வொர்க் காரணமில்லை.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை நீ திடீரென்று வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டாய். அம்மா ஆஸ்பத்திரியில். மாற்றுத்துணி எடுத்துப்போக அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். யாரென்று தெரியாமல் எடுத்துவிட்டார். நீ 'அப்பா' என்றாய். கையில் அம்மாவின் நைட்டி. வைத்துவிட்டார். எனக்குக் கூப்பிட்டு, "பையன் பேசுனான் எழிலு. வெச்சுப்போட்டேன். அவங் கொரலக் கேட்டதும் முடியல புள்ள" என்றார். அவர் அப்படி அழுது அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

அடுத்த பத்தாவது நிமிஷம் நீ எனக்குக் கூப்பிட்டாய். இங்கே காலை நேரம், விஷாகாவை டேகேரில் விட ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தேன். பின்சீட்டில் அவள் வீறிட்டு அழுகிறாள். அப்பா ஏன் வைத்தார் என்று கேட்டாய். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது, "நீ பேண்டுல சேந்தது அவருக்குப் புடிக்கல. கோவமா இருக்காரு."

அப்பா சொல்லவில்லை, இளமாறா. நான் சொன்னேன். உன் பாட்டுக்குள் இருக்கிற தகப்பனை உண்டாக்கியது நான்.

ஜூனில் அம்மா தேறிவிட்டாள். "அவங்கிட்டச் சொல்லிப்போட்டியா?" என்று அப்பா கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் நீ அந்தப் பாட்டை அனுப்பிவிட்டாய். ரேடியோவில் போடுகிறார்கள் அக்கா என்று குதித்தாய். உண்மையைச் சொன்னால் அந்தப் பாட்டை நீ கொன்றுவிடுவாய் என்று பயந்தேன். அம்மாவும், "நல்லாயிட்டன்ல, உடு" என்றாள். 2017-ல் நீ ஐந்து நாள் வந்தபோது அவளுக்கு முடி வளர்ந்திருந்தது, ஊர் வாயை அவளே அடைத்துவைத்திருந்தாள். மூன்று வருடம் முன்பு அவள் போனது மாரடைப்பில், அதனால் அப்போதும் இந்தப் பேச்சு வரவில்லை.

அப்பா இன்றுவரை உனக்கு எல்லாம் தெரியும் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய பிறகு என்னிடம் கேட்டார், "அந்தப் பேச்ச அவன் எடுக்கவே இல்லியே புள்ள? இன்னம் வருத்தமா இருக்கானா?" நீ அவரை வெறுத்து ஒதுங்கி நின்றாய். அவர் உன் துக்கம் என்று நினைத்து ஒதுங்கி நின்றார். நான் நடுவில் நின்று இருவருக்கும் காபி கொடுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டார். அம்மா பிழைத்துவந்ததைப் பற்றி என்று சொல்லிவைத்தேன். தினமும் காலையில் அம்மா படத்துக்குப் பூ வைத்துவிட்டு அதைத்தான் போடுகிறார். அம்மா பெயரிலேயே, மரகதத்தின் பாட்டு என்று பெயர் வைத்துவிட்டார். விஷாகா போன மாதம் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் சோ ராங். அப்புச்சி நீட்ஸ் டு நோ" என்றாள். சும்மா இரு என்று அதட்டினேன். பதினோரு வயதுப் பிள்ளைக்கும் மறைக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று.

உன்மேல் கோபம் என்று ஆரம்பித்தேன். இப்போதும் கோபம்தான், குறைத்துக்கொள்ள மாட்டேன். கேட்காதது உன் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டை எடுத்துவிடு என்று கேட்கமாட்டேன். உங்கள் எல்லோரின் உழைப்பு அது. திரையில் என்ன போடுவது என்பதை நீயும் ஃப்ரீடாவும் யோனாஸும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். இரண்டு முறை சொல்லப்போய் முடியாமல் திரும்பிவிட்டேன், இந்த முறை உன் மச்சானையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

சொன்ன பிறகு அப்பா என்னோடு பேசமாட்டார். அவரை எனக்குத் தெரியும், பொய்யை மட்டும் பொறுக்கமாட்டார். எத்தனை நாளோ, எத்தனை மாதமோ. என் வீட்டில் என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் இருப்பார். அதற்கு நான் தயார். ஆனால் அந்த நாட்களில் பேசுவதற்கு அவருக்கு ஒரு பிள்ளையாவது வேண்டும் தம்பி. அது நீயாக இரு. கச்சேரி வரை காத்திராதே, எட்டாம் தேதியே வந்துவிடு.

உனக்கும் உன் கூட்டத்துக்கும் ஒரு குறையும் வராது, இன்னும் பெரிதாக வருவீர்கள். தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
அக்கா எழிலரசி