தண்ணீர் கேன்களுக்கு நடுவே ஒரு நெஞ்சு

மார்ச் 4
இடமில்லை என்று எக்ஸ்ரே அறைக் கணினி காலையிலிருந்து அடம்பிடித்தது. வார்ம்அப் ஃபோல்டரைத் திறந்தேன். தினமும் முதல் நோயாளிக்கு முன் மெஷினைச் சூடேற்ற ஒரு தண்ணீர் கேனைப் படமெடுப்போம். அதெல்லாம் அங்கேதான் குவியும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கேன், கேன், கேன் என்று அழித்துக்கொண்டே வந்தால் நடுவில் ஒரு மனித நெஞ்சு. பெயர் இல்லை, வயது இல்லை. பிப்ரவரி 11, காலை 7.40 என்று மட்டும் இருந்தது. அந்நேரத்தில் ஏது நோயாளி? எட்டரைக்குத்தானே கதவையே திறக்கிறோம்.

மார்ச் 5
நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. நான் டாக்டர் இல்லை; ஆனாலும் ஆறு வருடமாக இதைத்தானே பார்க்கிறேன். டாக்டரிடம் காட்டினேன். "ஆளைக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்" என்றார். யாரை?

மார்ச் 6
பதிவேட்டை மூன்று முறை புரட்டினேன். அன்று முதல் நோயாளி வந்தது 8.50க்கு, அதுவும் முழங்கால். மெஷின் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டால், கம்பெனி போட்டு வைத்த மாதிரிப் படமாக இருக்கும் என்கிறார். மாதிரிக்கு எதற்குப் போன மாதத் தேதி? கேட்டால் சிரிக்கிறார்.
என்னோடு வேலை பார்க்கும் சீனியர் அக்காவிடம் கேட்டேன். உனக்கு வேற வேலையே இல்லையா, அழிச்சுட்டுப் போ என்று எரிந்து விழுந்தாள். இதற்கு எதற்கு இவ்வளவு கோபம்?

மார்ச் 7
பஸ்ஸில் யார் இருமினாலும் திரும்பிப் பார்க்கிறேன். பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி.

மார்ச் 9
படத்தின் கீழ் ஓரத்தில் சுருள் சுருளாக ஒரு கோடு. சங்கிலி என்றுதான் நினைத்திருந்தேன்; அதைக் கழற்றச் சொல்லாமல் எடுத்த புத்திசாலி யாரோ என்று திட்டவும் செய்தேன். இன்று காலை கேனைப் படமெடுக்கப் பொத்தானைக் கையில் எடுத்தேன். அதன் வயர் சுருண்டு தொங்கியது. அதே சுருள். அந்த ஆள் பொத்தானைத் தன் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். தன்னைத் தானே எடுத்திருக்கிறார்.
அறைச் சாவி என்னிடமும் அக்காவிடமும்தான் இருக்கிறது. எடுத்தது நான் இல்லை. அப்படியென்றால் — ஐயோ, ஒரு மாதமாக அக்கா இருமும் அந்த இருமல். தூசி அலர்ஜின்னு சொன்னாளே. நானும் கிண்டல் பண்ணேனே, பாவி.

மார்ச் 10
கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.
"பேரு போட்டா டாக்டர் கண்ணுல படும். பட்டா வீட்டுக்குச் சொல்லிருவாரு. பொண்ணு பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்டி."
பரீட்சை அடுத்த மாதக் கடைசியில்தானாம். வந்த கோபத்துக்கு வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். "மார்க்க அவ யார்கிட்டக்கா காட்டுவா?" என்றதும் அவள் அழ ஆரம்பித்தாள். நானும்தான்.

மார்ச் 11
டாக்டரிடம் அக்காவே சொல்லிவிட்டாள்; புதிதாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். பெயர்க் கட்டத்தில் அக்காவின் முழுப்பெயரைத் தட்டினேன். வயது நாற்பத்தேழு. தாடையைத் தூக்கிக்கொண்டு அவள் சுவரோரம் நின்றாள்.
மூச்சை நல்லா இழுத்து அப்படியே நிறுத்துங்க என்றேன். குரல் நடுங்கிவிட்டது.
அவள் திரும்பாமலே, "நோயாளிகிட்ட இப்படி பயந்து பேசக்கூடாதுடி" என்றாள்.
மறுபடி சொன்னேன். நிறுத்தினாள். அழுத்தினேன்.